மண்டபத்தை முறைக்க வந்தவர்

ஹபீப் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் விழுந்தது ஒரு கட்டைவிரல். அடுத்து, "அருமை அண்ணே, இது எந்த ஊருத் தூணு?" என்று ஒரு கேள்வி. இன்னொருவர் தூணின் வேலைப்பாட்டை வியந்திருந்தார். தினமும் காலையில் அண்ணனின் எண்ணிலிருந்து ஒரு கோயிலோ மண்டபமோ வரும். நாங்களும் பல் துலக்கிக்கொண்டே பாராட்டுவோம். அன்று அனுப்பியது அவருடைய மகன். ஆயுள் முழுக்கக் கேமராவுக்குப் பின்னால் நின்ற மனிதருக்குத் தனியாக ஒரு படம் இல்லை. தூணோரம் பாதி முகம் தெரிகிற படம்தான் வீட்டில் அகப்பட்டிருக்கிறது. "தூணைப் பாக்காதீங்க, கீழ எழுதியிருக்கிறதைப் படிங்க" என்று நான்தான் எழுதினேன். பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

கோரிப்பாளையத்தில் அவருடைய ஸ்டூடியோவும் என் மருந்துக்கடையும் ஒட்டினாற்போல இருந்தன. இதைப் படிக்கும் பலருடைய கல்யாண ஆல்பம் அவர் எடுத்ததாக இருக்கும். அதில் நீங்கள் விறைத்து நின்றால் குற்றம் உங்களுடையதல்ல. அவருக்குப் பிடித்ததெல்லாம் கல்தான். "தூணு கண்ணை மூடாது தங்கச்சி. அதோட மாமா வந்து குறுக்க நிக்க மாட்டாரு" என்பார். பரவையில் ஒரு கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளையைச் சாப்பிட விடாமல் வெயில் இறங்கும்வரை நிறுத்தி வைத்தார். பசிக்கிறது என்ற மாப்பிள்ளையிடம், "பொறு மாப்ள, சாஞ்ச வெயில்லதான் செதுக்கு தெரியும்" என்றாராம். மாப்பிள்ளை முகத்தில் யார் என்ன செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பெண் வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பழைய வேனில் நாலைந்து பேர் கிளம்புவோம். மலைக் குகை, பாழடைந்த கோயில், வழிப்போக்கர் மண்டபம் என்று எதையும் விடமாட்டோம். நான் சரியாக ஐந்தடி உயரம். வேறெங்கும் உதவாத அந்த உயரத்துக்கு அவரிடம்தான் மரியாதை கிடைத்தது. "நீ பக்கத்துல நின்னா தூணு எம்புட்டு ஒசரம்னு பாக்கிறவனுக்குத் தெரியும்" என்று ஒவ்வொரு தூணோரமும் நிறுத்துவார். கையில் ஒரு கம்பையும் கொடுப்பார். வீட்டுத் திரைச்சீலைக் கம்பியைக் கழற்றி, அடிக்கு அடி சிவப்பும் வெள்ளையும் பூசி அவரே செய்த அளவுகோல் அது. திரை போன ஜன்னலைக் காட்டி, "நான் கல்லாப் பொறந்திருந்தா ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் எங்கூட இருந்திருப்பாரு" என்று அண்ணி என்னிடம் சொன்னார். கம்பைப் பிடித்து நின்றவள் என்பதால் நானும் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன்.

அவர் மனசு முழுக்கப் போய் உட்கார்ந்தது கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை மண்டபத்தில். சின்ன மண்டபம்தான். ஒரு தூணில் யாளி, ஒரு தூணில் குழந்தையை இடுப்பில் வைத்த குறத்தி, இன்னொன்றில் கூரையைத் தாங்குவதில் சலித்துப்போன குள்ளன். முதல் தடவை போனபோதே ஊர்த் தலைவரான அம்பலக்காரர் சொல்லிவிட்டார்: "சும்மா பாம்பு அடைஞ்சு கெடக்குண்ணே. அறுப்பு முடியவும் இடிச்சுப்புட்டு நாடகத்துக்கு மேடை கட்டப் போறோம்." அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். "கல்லுக்கு எதுக்குண்ணே இம்புட்டு?" என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இடிப்பதற்குள் ஒவ்வொரு தூணையும் நாலாபக்கமும் படமாவது எடுத்துவிட வேண்டும் என்று ஞாயிறுதோறும் போனோம். நான் கம்போடு விறைப்பாக நிற்க, அவர் மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். வரப்பில் நின்று ஆட்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாதவர்கள் என்று நினைத்தோம்.

படமெடுக்கக் கடைசியாகப் போனபோது மண்டபத்தில் குழாய் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. யாளிக்குக் கிளிப்பச்சை, குறத்திக்கு ரோஸ், குள்ளனுக்கு நீலம். படியெல்லாம் காவியும் வெள்ளையும். நடுவில் புத்தம்புதுப் பிள்ளையார். அம்பலக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "இப்ப எடுங்க சார் பாப்போம் ரோட்டுக்கு! மேடை கட்ட வச்சிருந்த எடத்தை அளந்துட்டுப் போனா விட்ருவோமா? சாமி உக்காந்தாச்சு. எந்த ஆபீசரு வந்தாலும் ஒரு கல்லைத் தொட முடியாது!"

திரைச்சீலைக் கம்போடு நின்ற என்னைப் பார்த்து நெடுஞ்சாலை அளக்க வந்தவர்கள் என்று ஊரே முடிவு செய்திருந்தது. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என் காலை நன்றாக மிதித்தார். பிறகு மண்டபத்தை மேலும் கீழும் பார்த்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கொடுத்த சுண்டலை வாங்கித் தின்றுவிட்டு வேனில் ஏறினார்.

"ரோஸ் பெயிண்டு அண்ணே!" என்று நான் வேனுக்குள் புலம்பினேன். பழங்கல்லில் பெயிண்ட் அடித்தவர்களை அவர் திட்டிய திட்டை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். அன்று மட்டும், "பெயிண்டு உரியும் தங்கச்சி. இடிச்ச கல்லு ஒட்டாது" என்றார். "நாம யாருன்னு தெரிஞ்சா நாளைக்கே மறுபடி மேடைன்னு ஆரம்பிப்பாங்க. அவங்க பயம் போகக் கூடாது."

அதற்காக வருடம் தவறாமல் தை பிறந்ததும் அங்கே போனோம். நான் கம்பைப் பிடிக்க, அவர் மண்டபத்தைச் சுற்றி நடந்து, உதட்டைப் பிதுக்கி, கண்ணை உருட்டி முறைப்பார். "சிரிச்சுத் தொலைச்சிராத, காரியம் கெட்டுரும்" என்று என்னை அதட்டுவார். பொய் சொல்லி ஏமாற்றலாமா என்று கேட்டேன். "நான் எங்க பொய் சொன்னேன்? மொறைக்கத்தானே செய்றேன்" என்றார். ஊரும் ஒவ்வொரு வருடமும் பயந்துபோய்ப் புதுப் பெயிண்ட் அடித்தது.

இந்தத் தையில் நான் தனியாகப் போனேன். அண்ணன் இல்லை என்பதற்காக மண்டபத்தை விட்டுவிட முடியுமா? கம்பை ஊன்றி நின்றேன். அம்பலக்காரர் துண்டை உதறிக்கொண்டு வந்து, "ஐயா வரலையா?" என்றார். பொய் ஏதாவது சொல்ல நினைத்தேன், முடியவில்லை. இறந்துவிட்டார் என்றேன்.

அவர் மண்டபப் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "ஸ்டூடியோவை இனி மகன் பாக்குறாப்லயா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஸ்டூடியோவா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னம்மா? டவுன்ல நடந்த எந்தம்பி மகன் கல்யாணத்துக்குப் போட்டா புடிச்சதே அவருதான். என்னையக் கண்டதும் கேமராவுக்குப் பின்னால ஒளிஞ்சாரு. நானும் பாக்காத மாதிரி போயிட்டேன். அது ஆச்சு ரொம்ப வருசம்."

"அப்புறம் ஏன் இடிக்கலை?"

"ஊருல அவரு யாருன்னு கேட்டாங்க. நான் சொல்லலை. அம்புட்டுத் தூரம் வண்டிக்கு எண்ணெய் போட்டு வந்து, வருசா வருசம் நம்ம கல்லை மொறைச்சிட்டுப் போறாரு. அந்த மனுசன் மொகத்துக்கு முன்னால எப்படிம்மா இடிக்கச் சொல்றீங்க?" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இவங்களுக்குத் தெரியாது. வந்த வேலையப் பாருங்க. மொறைங்கம்மா."

அண்ணனைத் தெரிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய படம் ஏதாவது ஒன்று இருக்கும். கேமரா மகனிடம் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது அவருடைய முறைப்பை. அழுகைக்கு நடுவே அன்று அது சரியாக வரவில்லை. ஆனாலும் கூட்டத்தில் ஒருவர், "போன வருசத்தவிட இந்தம்மா ரொம்பக் கோவமா இருக்குப்பா, பெயிண்டு வாங்கணும்" என்றார்.