அரைக்க மறுத்த கை

2007 மே மாத விடுமுறை என்று நினைவு. விருதுநகர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலைக்கு இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகப் போனவன். அதற்கு முன் மூன்று சீசன் சிவகாசி பக்கம் விஸ்வநத்தத்தில் பட்டாசு மருந்து சலித்தேன். எல்லோரும் ஊருக்குப் போய்விட, போக இடமில்லாத நானும் போக நேரமில்லாத ஓர் ஆராய்ச்சி மாணவரும்தான் அந்தக் கட்டடத்தில் மிச்சம்.

அவர் பிளாஸ்டிக் பசையில் மிக நுண்ணிய வெள்ளைத் தூளைக் கலந்து பட்டையாக வார்ப்பார். தூள் சிறுக்கச் சிறுக்கப் பட்டை உறுதியாகும் என்பது அவர் கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு. தூளைக் கட்டியில்லாமல் கல்வத்தில் போட்டு, சின்னக் குழவியால் அழுத்தி அரைத்துத் தருவது என் வேலை. எந்திரத்தில் இழுத்துப் பார்த்தால், பெரிய தூள் போட்ட பட்டை தாங்கியது. ஆகச் சிறிய தூள் போட்டது முதலில் ஒடிந்தது. மூன்று முறையும் அப்படியே.

"நல்லா அரைச்சீங்களாண்ணே?"

"நீங்க சொன்னபடிதான் சார்."

பொய் சொன்னேன்.

கல்லூரி திறந்ததும் அவர் பேராசிரியரிடம் காட்டியாக வேண்டும். பட்டை தாங்காவிட்டால் இரண்டு வருட வேலை குப்பைக்குப் போகும். சாப்பிடாமல் கணக்கைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஒரு மத்தியானம், "ஒண்ணு என் கணக்கு பொய் சொல்லுது, இல்ல தூள் பொய் சொல்லுது" என்று சிரித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ரெண்டும் இல்ல சார், நாந்தேன். அந்தச் சின்னத் தூளை அரைக்கவே இல்ல, சும்மா தடவுனேன், கட்டி அப்படியே கெடக்கு. அங்கன பட்டாசு மருந்தை ஒரசுனா ஆளு மிஞ்சாது. இம்புட்டு நைசாத் தூளைப் பாத்தா கை அமுங்க மாட்டேங்குது."

திட்டுவார் என்று நின்றேன்.

"இம்புட்டு பயத்தை ஏண்ணே முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டாக?"

அவர் கல்வத்தை எடுத்து, முகத்தை அதன் மேல் வைத்துக்கொண்டு தானே அரைத்தார். "வாங்க, வெடிச்சா ரெண்டு பேரும் சேந்தே போவோம்." நான் கண்ணை மூடிக்கொண்டு அரைத்தேன்.

அந்தத் தூளில் வார்த்த பட்டையை மறுநாள் இழுத்தபோது அதுதான் கடைசிவரை தாங்கியது. அவர் கத்திய கத்தலைக் கேட்க அங்கே என்னை விட்டால் ஆளில்லை.

ஆடி பிறக்குமுன் நான் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அவரைப் பிறகு பார்க்கவில்லை. இப்போதெல்லாம் எங்கே வேலை கேட்டு நின்றாலும், எனக்கு எது பயம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி இடத்தில் போகச் சொல்லிவிடுகிறார்கள், ஆனாலும் சொல்கிறேன்.