சம்பந்தி மொழி

அஜர்பைஜான் மொழியை நான் படிக்கத் தொடங்கியது ஆசையினால் அல்ல, ஆத்திரத்தினால். பாகு நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போன என் ஒரே மகள், படிப்பு முடிகிற சமயத்தில் அங்கேயே ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னாள். ஒருநாள் வீடியோவில் பையனின் அம்மாவைக் காட்டினாள். அந்த அம்மாள் கண் கலங்க என்னவோ நீளமாகப் பேசினார். மகள் அதை எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "உங்களப் பாத்ததுல சந்தோசமாம்."

மீதியை எங்கே விழுங்கினாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளையைக் கேட்கிறவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்பதை என் காதாலேயே கேட்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மொழி எங்களுக்குப் பெரிய மலை இல்லை. சூரியநெல்லித் தேயிலை மலையில் பிறந்தவர்கள் தமிழில் ஜெபம் செய்வோம், மலையாளத்தில் ரேஷன் கார்டு வாங்குவோம், எஸ்டேட் ஆபீஸில் உடைந்த ஆங்கிலத்தில் லீவு கேட்போம். நான் அங்கன்வாடி டீச்சர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையாளப் பாட்டு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள முடியாதா என்ன? பிள்ளைகள் மத்தியானம் தூங்கும்போது போனில் பாட வீடியோக்களைப் பார்த்தேன். ஒரு பெண் நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் விளக்குவாள்.

எழுத்து ஆங்கில எழுத்துதான், ஆனால் அங்கங்கே குறும்பு. ஒரு 'e' தலைகீழாக நிற்கும். ஒரு 'i' தலையில் புள்ளி இல்லாமல் மொட்டையாக நிற்கும். அது வேறு ஒலி, புள்ளி வைத்தது வேறு ஒலி. நூறு வருஷத்துக்குள் எழுத்தை மூன்று முறை மாற்றியவர்களாம், அரபியிலிருந்து லத்தீனுக்கு, பிறகு ரஷ்யர்களின் எழுத்துக்கு, மறுபடி லத்தீனுக்கு. அந்த அம்மாள் பள்ளியில் படித்த எழுத்தில் அவருடைய மகன் படிக்கவில்லை என்று தெரிந்தபோது, முகம் தெரியாத அந்தக் குடும்பத்தின் மேல் முதல் முறையாக எனக்கு இரக்கம் வந்தது.

மற்றபடி, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, மொழி எனக்குப் பிடித்துவிட்டது. வினை கடைசியில் வந்து உட்காருகிறது, நம்முடையதைப் போலவே. 'எவ்' என்றால் வீடு, 'எவிம்' என் வீடு, 'எவிம்தே' என் வீட்டில். வாலை ஒட்டிக்கொண்டே போகலாம். நீ என்பதற்கு 'சென்', நீங்கள் என்பதற்கு 'சிஸ்'. மரியாதை தெரிந்தவர்கள். அம்மாவுக்கு 'ஆனா'. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்தான், வெறும் 'ஓ'. தேநீர் 'சாய்'. அதற்கு ஒரு பாடமே இருந்தது. அங்கே பால் கலக்க மாட்டார்கள், சர்க்கரைக் கட்டியை வாயில் கடித்துக்கொண்டு கட்டன் டீயாகக் குடிப்பார்கள் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் லயத்து வீடுகளில் எல்லாரும் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பவர்கள்தான்.

மொழி பிடித்ததே தவிர, கல்யாணம் பிடிக்கவில்லை. அவர்கள் முஸ்லிம்கள், நாங்கள் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள். சபையில் என்ன பேசுவார்கள் என்ற பயம் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. அவள் போய்விடுவாள், அவ்வளவுதான். படிக்கப் போனவள் திரும்பி வருவாள் என்று நினைத்துத்தான் அத்தனை வருஷத்தையும் ஓட்டியிருந்தேன். அதை நான் மகளிடம் சொல்லவில்லை. மதத்தைச் சொன்னேன், குளிரைச் சொன்னேன், சாப்பாட்டைச் சொன்னேன். "உனக்கு இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லும்மா" என்பாள். "இஷ்டம் இல்லன்னு யாருட்டீ சொன்னா?" என்று நான் எரிந்து விழுவேன்.

படிப்பு முடிந்து மகள் ஊருக்கு வந்தாள். பின்னாலேயே பையனின் அப்பாவும் அம்மாவும் முறைப்படி பெண் கேட்க வந்தார்கள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்தில் சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் தங்கிக்கொண்டு, சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகள் அவர்களோடு முன்னறையில் மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். அவளை அங்கிருந்து எழ விடாமல் நானே தேநீர் போட்டேன்.

என் கணவர் டீ ஃபேக்டரியில் வேலை செய்கிறவர். நல்ல இலையில் சர்க்கரை போடுவது அவர் கண்ணில் பாவம். மதிப்பான விருந்தாளி வந்தால் எங்கள் வீட்டில் வெறும் கட்டன்தான், நிறம் தெரியக் கண்ணாடி கிளாஸில், பக்கத்தில் தட்டில் வெல்லம். மகள் பாகுவிலிருந்து கொண்டு வந்திருந்த இடுப்புச் சிறுத்த கிளாஸ்களை எடுத்துக் கழுவினேன். அவர்கள் ஊர்க் கிளாஸ், எங்கள் ஊர் இலை, கடித்துக்கொள்ள வெல்லம். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. கொண்டுபோய் வைத்தேன்.

அந்த அம்மாள் கிளாஸைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். மகளின் முகம் வெளிறிப்போனது. யாரும் வெல்லத்தைத் தொடவில்லை. இருவரும் மரியாதைக்குக் குடித்தார்கள், நன்றி சொன்னார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார்கள். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மலைப்பாதை, இருட்டிவிடும் என்று கிளம்புகிறார்களாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜீப் சத்தம் ஓய்ந்ததும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா இப்டிப் பண்ணுன? வேண்டாம்னா என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"நான் என்னட்டீ பண்ணுனேன்?"

அப்போதுதான் சொன்னாள். சாதாரண நாளில் சர்க்கரையைத் தனியாக வைப்பார்களாம். ஆனால் பெண் கேட்டு வந்த வீட்டில் தேநீர்தான் பதில். சர்க்கரை கலந்து வந்தால் சம்மதம். கலக்காமல் வந்தால் இல்லை என்று அர்த்தம். பாதிப் பேர் விட்டுவிட்ட வழக்கம்தானாம். அந்த அம்மாள் விடாதவர்.

"சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன்.

"இத்தன நாளா அவங்க பாஷைய உக்காந்து படிச்ச. அவங்க கிளாஸத் தேடி எடுத்து ஊத்தியிருக்க. இது மட்டும் தெரியாதா?"

படித்ததே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஒன்றும் படிக்காமல் இருந்திருந்தால் என்னை நம்பியிருப்பாள். என் கணவர் இலையின் பெருமையை எடுத்துச் சொல்லப் பார்த்தார். மகள் காது கொடுக்கவில்லை. போனில் கூப்பிட்டு அவர்களிடம் விளக்கு என்று கெஞ்சினேன். "நானே நம்பாதத அவங்ககிட்ட எப்டிம்மா சொல்லுவேன்?" என்று கேட்டாள். என் வயிற்றில் பிறந்தது என் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அன்றைக்கு எனக்கு வலித்ததைப் போல அதற்கு முன்னால் வலித்ததில்லை.

காலையில் அவர்கள் கொச்சிக்குக் கிளம்புகிறார்கள் என்று தெரியும். மகள் எழுந்து வரவில்லை. கணவரைக் கூட்டிக்கொண்டு ஜீப் பிடித்துப் போனேன். ரிசார்ட் வாசலைப் பார்த்ததும் அவர் கால் பின்வாங்கியது. "நீ போ, உனக்குத்தான் பாஷ தெரியும்" என்று ஜீப்பிலேயே இருந்துவிட்டார். வழி நெடுக நான் இரண்டே சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். 'பாகிஷ்லாயின்', மன்னித்துவிடுங்கள். 'பில்மிர்திம்', எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த அம்மாள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கோட்டு போட்டு, கைப்பையை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற எங்கள் ஊர்ப் பெண்களைப் போலத்தான் இருந்தார். இரவெல்லாம் அழுத கண். நான் இரண்டு சொற்களையும் சொன்னேன். பிறகு சாய், சர்க்கரை, எங்கள் வீடு, எங்கள் வழக்கம் என்று கையில் கிடைத்த சொற்களை எல்லாம் வாலைத் தப்பாக ஒட்டி ஒட்டிக் கொட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முகம் மெல்ல இளகியது. என் கையைப் பிடித்து, என் முட்டாள் காதுக்கும் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

தெரியாமல் செய்தீர்கள், சரி. இப்போது தெரியும் அல்லவா? இப்போது என்ன சொல்கிறீர்கள்?

நான் அதற்குத் தயாராக வரவில்லை. தவறு என்னுடையது அல்ல என்று சொல்லத்தான் வந்திருந்தேன். சம்மதம் என்று சொல்ல வரவில்லை. மகள் என் மேல் போட்ட பழி தேநீர் விஷயத்தில் பொய். மனசு விஷயத்தில் முழு உண்மை. இவ்வளவு நாளும் அவளிடம் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், குளிரையும் சாப்பாட்டையும் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே என்னிடம் குளிருக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான சொற்கள் இல்லை. ஆமாம், இல்லை இரண்டும்தான் இருந்தன. அந்த அம்மாள் கையை விடவில்லை.

சொன்னேன். ஒரே ஒரு சொல். அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேரும் அழுதது ஒன்றுக்காக அல்ல. அவருக்கு ஒரு பிள்ளை வந்தது.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் கணவர் என் முகத்தையே பார்த்தார்.

"என்ன, புரிஞ்சுக்கிட்டாங்களா? தெரியாமப் பண்ணுனதுன்னு சொல்லிட்டியா?"

"குடுத்துட்டேன்" என்றேன்.