எம்டனும் என் தந்தியும்

எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமேல் குண்டு போட்ட செய்தி கல்கத்தாவுக்கு வந்த அன்று, எங்கள் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் நான் ஒருவன்தான் மதராஸி. ஆகவே துக்கம் விசாரிக்க எல்லோரும் என் மேஜைக்கே வந்தார்கள். நானோ கும்பகோணத்துக்காரன், சென்னைத் துறைமுகத்தை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

யுத்தத்தின் காரண காரியங்களை எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பொடோபாபு வெற்றிலையை மென்றபடி வங்காளியில் விளக்கினார். "அந்த எம்டன் குறி வெச்சதே நம்ம கல்கத்தாவுக்குத்தான். கங்கை முகத்துவாரத்துல சுத்திச் சுத்தி நம்ம கப்பலையெல்லாம் முழுகடிச்சான். ஆத்துக்குள்ள வர மணல்திட்டுக்குப் பயம். சரி, மதராஸுக்குப் போவோம்னு போயிட்டான். யுத்த காலத்துல நீங்க விளக்கை ஏத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டி எரியாம என்ன செய்யும்?"

அந்த விளக்கை நான்தான் அணைக்காமல் வந்துவிட்டது போல என்னைப் பார்த்தார். பிறகு மனம் இரங்கி, கல்கத்தா வாங்கவேண்டிய அடியைச் சென்னை வாங்கிக்கொண்டதற்கு நன்றியாக இரண்டு சந்தேஷ் மிட்டாய் கொடுத்தார். அவற்றை மேஜைமேலேயே வைத்துவிட்டு எழுந்தேன். என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் திருவல்லிக்கேணியில், கடற்கரைக்குப் பக்கத்தில், பிறந்தகத்தில் இருந்தாள்.

தந்தி ஆபீசுக்கு ஓடினேன். எல்லோரும் சௌக்கியமா, உடனே பதில் போடவும் என்று இங்கிலீஷில் அடித்தேன். நம் ஜனங்களுக்குத் தந்தி என்றால் சாவு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது!

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் எனக்கொரு தந்தி வந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை. பொடோபாபுதான் பிரித்து உரக்கப் படித்தார்: பெண் குழந்தை, இருவரும் சுகம், இனித் தந்தி வேண்டாம்.

கடைசி வரிக்கு அர்த்தம், ஐந்து மாதம் கழித்து அவள் குழந்தையோடு கல்கத்தா வந்த அன்றுதான் விளங்கிற்று.

"குண்டு விழுந்தப்போ நாங்க பயப்படவே இல்லை. நவராத்திரிக்கு எங்கேயோ வேட்டு போடறான்னு நினைச்சோம். ஊரே மூட்டை கட்டிண்டு ஓடித்து. கொலுவை விட்டுட்டு எங்கே போறதுன்னு அப்பா உட்கார்ந்துட்டார். அப்புறம் உங்க தந்தி வந்துது. கல்கத்தாவுலேர்ந்துன்னு சேவகன் சொன்னதும் அம்மா ஐயோன்னு விழுந்தா. பிரிக்க ஒருத்தருக்கும் தைரியமில்லை. தெருவே கூடி அழுதுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அத்தை என் தலையிலேர்ந்து பூவை எடுத்துட்டா. அப்பவே வலி கண்டுடுத்து. மூணு மணி நேரம் கழிச்சு எதிராத்து வக்கீல் வந்து படிச்சார். நீங்க எங்களை சௌக்கியமான்னு கேட்டிருந்தேள்."

பொல்லாதவனை எம்டன் என்று சொல்லும் வழக்கம் அந்தக் கப்பலால் வந்தது. மாமனார் வீட்டில் இன்றுவரை எம்டன் நான்தான். அந்தக் கேலி எனக்கு உறைப்பதில்லை. அந்த மூன்று மணி நேரம்தான் இன்னும் உறுத்துகிறது.

அவள் இதைச் சொன்ன அன்று சாயங்காலம் பூ வாங்கக் காளிகட்டுக் கோயில் கடைகளுக்குப் போனேன். தலைக்கு வைக்கும் பூச்சரம் அங்கே கிடைக்கவில்லை. சாமிக்குப் போடும் பெரிய சாமந்தி மாலைதான் இருந்தது. அதையே வாங்கி வந்தேன். அவள் இரண்டு பூவைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

"நீங்களே வெச்சு விடுங்கோ" என்றாள்.