கழுத்துப்பட்டைக் குருவியும் தோல் போர்த்திய குட்டியும்

அந்த மே மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் ஓஸ்லா ஹால்க்ரோவுக்குக் கால்கள் இரண்டும் கல்லாய்க் கனத்தன. ஷெட்லாந்தின் ஸ்டூரா தீவில் அவளுடைய செம்மறிகள் பதினெட்டு நாளாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. அறுபத்தோரு வயதில் தனியாளாக எத்தனை ஆட்டுக்குத்தான் ஈடுகொடுப்பாள்?

முந்தின நாள் ஒரு தலையீற்று ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. அதன் தோலை உரித்து, தாயை இழந்த வேறொரு குட்டிக்குச் சட்டைபோல மாட்டி, கல்மதில் சூழ்ந்த முட்டைக்கோசுத் தோட்டத்தில் இரண்டையும் சேர்த்து விட்டிருந்தாள். தன் குட்டியின் வாசனை அடித்ததால் ஆடு பால் குடிக்க விட்டது. மூன்று நாள் அமைதியாகக் கழிந்தால் தோலைக் கழற்றிவிடலாம். நடுவில் மிரண்டதோ, முட்டித் தள்ளிவிடும். பிறகு என்ன செய்தாலும் சேராது.

தேநீரோடு சன்னலுக்கு வந்தவள், அதே மதில்மேல் அந்தக் குருவியைக் கண்டாள். கறுப்பும் வெள்ளையுமான ஈப்பிடிப்பான். அந்த இனத்தில் தீவுக்குச் சாதாரணமாக வரும் வகையைப் பலமுறை பார்த்திருக்கிறாள். இதற்கோ கழுத்தைச் சுற்றி, பிடரியிலும் விடுபடாமல், வெள்ளைப் பட்டை. நெற்றியில் பெரிய வெள்ளைத் திட்டு. தென்கிழக்குக் காற்றில் வழிதவறி வந்த ஆண். ஸ்டூராவில் இதுவரை ஒருவரும் பார்க்காதது.

சந்தோஷப்பட வேண்டியவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

போன வருஷம் அவள் சொன்ன ஒரு குருவிக்காகத் தனி விமானங்களில் பறவை பார்ப்பவர்கள் முப்பத்தோரு பேர் வந்து இறங்கினார்கள். மதிலேறிக் குதித்தார்கள். மிரண்டு ஓடிய ஆட்டின் குட்டி பள்ளத்தில் விழுந்து குளிரில் செத்தது. தீவின் பறவைக் கண்காணிப்பு நிலையத்தின் ஆண்டறிக்கையில் முப்பத்தோரு பெயர்களும் வந்தன. அவள் வீடு 'தீவின் தென்புறத் தோட்டம் ஒன்று' ஆயிற்று. குருவி படம் போட்ட நன்றி அட்டை ஒன்றும் வந்தது. உழைக்கிறவளின் நஷ்டத்தைக் குறிக்க எந்த அறிவியலில் இடம் இருக்கிறது?

ஒன்பது மணிக்கு நிலையத்தின் வார்டன் யூவன் வந்தான். தினமும் தீவைச் சுற்றிப் பறவைகளை எண்ணுவதும், வழியில் ஒவ்வொரு வாசலிலும் கேட்பதும் வார்டனின் வேலை. இருபத்தேழு வசந்தங்களாக எந்த வார்டன் வந்தாலும் ஓஸ்லா சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வான். 'மாதிரி இருந்தது' என்ற பேச்சே அவளிடம் கிடையாது.

"என்ன ஓஸ்லா, மூஞ்சி ஆட்டை விட மோசமா இருக்கு! தோட்டத்துல ஏதாச்சும் உண்டா?"

அவள் கோப்பைக்குள் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல."

எழுதிக்கொண்டு போய்விட்டான்.

புதனும் குருவி இருந்தது. அவள் வாயும் மூடியே இருந்தது. வியாழன் காலை மதில் காலி. மாலையில் தோலைக் கழற்றினாள். ஆடு ஒருமுறை முகர்ந்து பார்த்தது. குட்டியை முட்டாமல் காம்பைக் கொடுத்தது. ஓஸ்லா கையைக் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு நடந்தாள்.

அங்கே இரவுச் சாப்பாடு முடிந்து, வார்டன் ஒவ்வொரு பறவையாகப் பெயர் வாசிக்க, பார்த்தவர்கள் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஈப்பிடிப்பான்கள் வந்ததும் அவள் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"கழுத்துப் பட்டை போட்டது. ஆண், ஒண்ணு. செவ்வாயும் புதனும், எங்க தோட்டத்துல."

லீட்ஸிலிருந்து பறவை பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் டெரிக் எழுந்தார்.

"அம்மணி, நாலு நாளா மழைல நாய் மாதிரி அலையறேன். தினம் உங்க வீட்டு வழியாத்தான் போனேன். கையாட்டினீங்களே!"

"ஆட்டினேன்," என்றாள். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. "உங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துல யாரையும் நம்பத் தோணல."

யூவன் நோட்டைப் புரட்டினான். "செவ்வாய்க்கிழமை நான் கேட்டேன். 'ஒண்ணுமில்ல'ன்னு எழுதியிருக்கு. சாட்சி கிடையாது, படம் கிடையாது. அரிய பறவைப் பதிவைச் சரிபார்க்கிற குழு இதை ஏத்துக்காது ஓஸ்லா."

"ஏத்துக்கக் கூடாது. நான் குழுவில இருந்தாலும் ஏத்துக்க மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"வந்தது வந்ததுதானே? என் பொய்யால அது வராததா ஆயிடுமா? போன வருஷம் என் குட்டி செத்ததுக்கு முப்பத்தோரு சாட்சி இருந்துச்சு. ஒருத்தரும் ஒரு வரி எழுதல. நான் உன்கிட்ட பொய் சொன்னது தப்பு. மதில் ஏறினவன் எவனாவது இதுவரைக்கும் இப்படி வந்து நின்னானா, சொல்லு."

யூவன் எழுதாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். டெரிக் மெதுவாகக் கேட்டார்: "பிடரில பட்டை முழுசா இருந்துச்சா?"

"முழுசா."

அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு யூவன் வந்தான். ஓஸ்லா தீவன வாளியோடு வாசலில் நின்றிருந்தாள்.

"வெள்ளைப் பிட்டக் குருவி ரெண்டு," என்றாள். "மதிலுக்கு அந்தப் பக்கம்."

அவன் நோட்டைத் திறந்தான். ஆனால் எழுதவில்லை. மதிலருகே போய், ஆடு மிரளாதபடி குனிந்து, தானே எட்டிப் பார்த்து எண்ணினான். ஓஸ்லா வாளியைக் கை மாற்றிக்கொண்டு, அவன் எண்ணி முடிக்கும்வரை நின்றாள்.