பூண்டுலோயாவுக்கு வந்த பனிச்சறுக்குப் பலகை

1. கொத்மலை அணை வேலை முடிந்தது. நான் வரைபடம் வரைந்துகொண்டிருந்த அலுவலகத்தின் வெளிநாட்டு எஞ்சினியர் தன் நாட்டுக்குப் புறப்பட்டார்.
2. புறப்படுமுன் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி வைத்து விற்றார்.
3. மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கி வரச்சொல்லி அம்மா என்னை அனுப்பினாள்.
4. அடுப்பை யாரோ முந்திக்கொண்டு வாங்கிவிட்டார்கள்.
5. நான் பனிச்சறுக்குப் பலகையோடு வீடு வந்தேன்.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அம்மா இன்றும் சொல்வாள். விடுபட்டது ஒரு புகைப்படம். அலுவலகத்தில் என் வரைமேசைக்கு எதிரே அது தொங்கியது. வெள்ளை மலையொன்றில் அதே பலகைமேல் நின்று, கைகளை விரித்து, வாய்கொள்ளாமல் சிரித்தபடி எஞ்சினியர் இறங்கி வருகிறார். அலுவலகத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நாள் முழுக்க மலைச்சரிவுகளை மையால் வரைவது என் வேலை. சரிவு ஒரு மனிதரை அப்படிச் சிரிக்கவைக்கும் என்று எந்த வரைபடத்திலும் குறித்திருக்கவில்லை.

அம்மாவின் தேவை வேறு. வாரம் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேல்மலைக்குப் போவாள். அங்கே கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளை, மிலாறு என்போம், விறகுக்காகக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்குவாள். அந்த வருடம் அவள் கழுத்து திரும்புவதை நிறுத்திவிட்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பினாள். அதனால்தான் மண்ணெண்ணெய் அடுப்பு.

பஸ்ஸில் கண்டக்டர் பலகையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, படகா என்று சிங்களத்தில் கேட்டார். நீர்த்தேக்கம் நிரம்பிக்கொண்டிருந்த காலம். கேள்வியில் நியாயம் இருந்தது.

வீட்டில் அந்த நியாயம்கூடக் கிடைக்கவில்லை. எங்கள் லயத்துக் காம்பரா, தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில் ஓர் அறை. அதில் ஒரு சாமான் உள்ளே வரவேண்டுமென்றால் இன்னொன்று வெளியே போகவேண்டும். அம்மா பலகையை வாசல் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவும் வந்தாள். பலகையின் நடுவில், கால் நுழைக்க இரண்டு தோல்வார்கள் இருந்தன. இருவரின் கண்ணும் ஒரே நேரத்தில் அங்கே போனது.

"கூடக் கயிறுதான்," என்றாள் பெரியம்மா. "தலையில மாட்டிப் பாரு."

அம்மா ஒரு வாரைக் கொழுந்துக் கூடைக் கயிறு போல நெற்றிக்கு மேலே மாட்டி, பலகையை முதுகில் தொங்கவிட்டு நாலடி நடந்தாள். பலகையின் நுனி குதிகாலில் இடித்தது.

"நீளம் ஜாஸ்தி. அவங்க ஊரு ஆளுங்க ஒசரமா இருப்பாங்களோ?"

"இது கால்ல மாட்டுறது அம்மா. பனியில சறுக்குறதுக்கு."

"பனியா?" பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "தை மாசம் நுவரெலியாவுல புல்லு வெளுக்குமே, அதுல எறங்கப்போறீங்களா மகாராணி?"

அம்மா சிரிக்கவில்லை. "தீவாளிக்கு வீடு கழுவறப்ப எல்லாத்தையும் வெளிய எடுப்பேன். இதால ஒரு பிரயோஜனம் இல்லன்னா திரும்ப உள்ள வராது. அடுப்புக்குத்தான் போகும். நல்ல காஞ்ச பலகை."

எனக்கு இருந்தது ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். அவற்றில் நான்கை மழை எடுத்துக்கொண்டது.

ஐந்தாவதில் மேல்மலைக்கும் லயத்துக்கும் நடுவிலுள்ள புல்சரிவுக்குப் போனேன். நனைந்த மானாப்புல் சாய்ந்து படுத்திருந்தது. பலகையின் அடியில் மெழுகுவர்த்தி தேய்த்திருந்தேன். தம்பியின் காற்சட்டையைப் பாவாடைக்குள் போட்டிருந்தேன். பெரியம்மா குடையோடு வந்து வசதியான கல்லில் உட்கார்ந்திருந்தாள். மிலாறு கட்டிக்கொண்டிருந்த அம்மாவும் நிமிர்ந்து பார்த்தாள்.

கைகளை விரித்தேன். அதுவரைக்கும் புகைப்படம் போலவே இருந்தது. அடுத்த கணம் நான் வடிகால் கானுக்குள் கிடந்தேன், மழைத்தண்ணீர் என் சட்டைக்குள் ஓடியது.

"சிரிக்கிறாளா பாரு!" என்று பெரியம்மா மேலிருந்து கத்தினாள். "அந்தப் போட்டோவுல வெள்ளக்காரன் சிரிச்சான்னியே!"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது பலகையை. என்னைக் கழற்றிப் போட்ட சந்தோஷத்தில் அது சரிவு முழுக்க வழுக்கிக்கொண்டு போய், லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நின்றது.

"அடியே, எந்திரி," என்றாள். "போயி அத எடுத்துட்டு வா."

அடி பட்டதா என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். எடுத்து வந்தேன்.

அம்மா மிலாற்றுக் கட்டைத் தூக்கிப் பலகைமேல் கிடத்தி, இரண்டு வார்களுக்குள்ளும் கயிற்றை விட்டு இறுக்கினாள். தள்ளிவிட்டால் பீலியில் குளிப்பவர்கள் கதி என்ன என்று கேட்டேன். பின்பக்கம் நீளமாக ஒரு கயிறு கட்டி, அதை என் இடுப்பில் சுற்றிக்கொண்டேன். அலுவலகத்தில் பாரம் இறக்கும் படங்களை எத்தனையோ வரைந்திருக்கிறேன், படத்தில் இருந்த பாரம் ஒன்றும் என்னை இழுத்ததில்லை. இது இழுத்தது. நான் குதிகாலை ஊன்றி ஊன்றிப் பின்னால் போனேன்.

"மாட்ட மேய்க்கிறியா, மாடு ஒன்ன மேய்க்குதா?" என்றாள் பெரியம்மா.

அம்மா பக்கத்தில் வெறுந்தலையோடு நடந்து வந்தாள். சும்மாட்டுத் துணி கையில் இருந்தது. தலையில் பாரமில்லாமல் அந்தச் சரிவில் இறங்கிப் பழக்கமில்லாததால், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சநேரம் பின்னால் கட்டினாள், கொஞ்சநேரம் வீசினாள். பாதி வழியில், "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் வீடு கழுவினோம். கட்டில், பெட்டி, பாத்திரம் எல்லாம் வெளியே வந்தன. தரை காய்ந்ததும் முதலில் உள்ளே போனது பலகை. அதற்கு இடம்விட்டு என் வரைபடச் சுருள்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள் அம்மா.

பெரியம்மா மறுவாரமே பலகையை இரவல் கேட்டாள். கேட்கும்போது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

இப்போதைய நிலை இதுதான். பலகை அம்மாவுடையது. நல்ல மழை பெய்தால் பெரியம்மாவுக்கும் கிடைக்கும். வெயில் காலத்தில் புல் வழுக்குவதில்லை, அப்போது கட்டு பழையபடி தலைக்குத்தான் போகிறது. அம்மாவின் கழுத்து இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் இன்னும் இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கவில்லை. நான் ஒரு தடவைகூட நின்றபடி கீழே வந்து சேரவில்லை.