போடியில் மட்டும் இருட்டும் லேப்டாப்

நல்லா இருந்த டிஸ்ப்ளேயைக் கழற்றி மாற்றியவன் நான். நல்லா இருந்த கேபிளையும் மாற்றினேன். நல்லா இருந்த பிளக் பாயின்ட்டைச் சுவரோடு பெயர்க்கச் சொன்னேன். கடைசியில் எதுவும் கிடைக்காமல் ஏலக்காய் வாசனையின் மேல் பழி போட்டேன். இத்தனையும் ஒரே லேப்டாப்புக்கு. என்னைவிடப் பெரிய மடையன் தேனி மாவட்டத்தில் இந்தத் தொழிலில் இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய் மாலை போட்டு வருகிறேன்.

தேனியில் மாடிப்படிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் டீ குடித்த கீபோர்டு, எலி கடித்த சார்ஜர், பல்லி குடியிருந்த ஃபேன் எல்லாம் பார்த்தாயிற்று. புதிதாக ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற தம்பி தங்கைகள் என் வெற்றிக் கதைகளைக் கேட்பார்கள். அவை எனக்கே அலுத்துவிட்டன. இது தோற்ற கதை.

1. டார்ச் வைத்தியம்

போடியில் செல்வராணி அக்கா ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். மலையிலிருந்து இறங்கும் காயை வாங்கி, சலித்து, பொறுக்கி, தரம் பிரித்து விற்பது தொழில். நீள ஷெட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். அந்த வரிசைக்குத் தலைவி பாண்டியம்மாள். ஷெட்டின் மூலையில் ஓர் இரும்பு மேசை. அதன் மேல் லேப்டாப். அதுதான் ஆபீஸ்.

ஒருநாள் அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஸ்கிரீனு இருட்டிருச்சு. உள்ள ஃபேன் ஓடுது, பாட்டுப் போட்டாப் பாடுது. மூஞ்சியில மட்டும் வெளிச்சம் இல்ல."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்த்து அடித்தேன். நிழல்போல விண்டோஸ் தெரிந்தது.

லேப்டாப் திரையில் படம் வேறு, வெளிச்சம் வேறு. முன்னால் இருக்கும் தகடு படத்தைக் காட்டும். பின்னால் இருக்கும் எல்இடி வரிசை வெளிச்சம் தரும். அதற்குப் பெயர் பேக்லைட். அது அணைந்தால் படம் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்தால் தெரியும். இந்த இடம்வரை நான் செய்தது எல்லாம் சரி. இதற்குப் பிறகு ஒன்றுகூடச் சரியில்லை.

காய் பொறுக்கிக்கொண்டே பாண்டியம்மாள் கேட்டார்.

"என்ன சார், டாக்டரு கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாக்குற மாதிரி பாக்குறீக? பொழைக்குமா, சொந்தக்காரவுகளுக்குச் சொல்லி விட்ரவா?"

"பேக்லைட்தான். ரெண்டு நாள்ல கொண்டாறேன்" என்றேன், பெரிய டாக்டரைப் போலவே.

2. தேனியில் வெளிச்சம்

கடைக்குக் கொண்டுவந்து ஆன் செய்தேன். திரை பளிச்சென்று எரிந்தது.

இங்கேதான் ஒரு நல்ல மெக்கானிக் உட்கார்ந்து யோசிப்பான். நான் யோசிக்கவில்லை, சந்தோஷப்பட்டேன். டிஸ்ப்ளே கேபிள் லூஸாக இருந்திருக்கும், வண்டியில் வந்த குலுக்கலில் சரியாகி இருக்கும் என்று நானே முடிவு கட்டி, கேபிளையும் புதிதாக மாற்றிவிட்டேன்.

போடிக்கு எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். அங்கேயும் எரிந்தது. ஷெட்டில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பாண்டியம்மாள் கையில் ஒரு காந்தக் கட்டை. சலித்த காயின் மேல் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பு ஒரு தடவை மூட்டைக்குள் துண்டுக் கம்பி கிடந்ததென்று சரக்கு திரும்பி வந்துவிட்டதாம். அதிலிருந்து காந்தம் ஓட்டாமல் ஒரு காய்கூட அந்த ஷெட்டைத் தாண்டாது. அதைப் பார்த்து, "நல்ல ஏற்பாடுக்கா" என்று பாராட்டு வேறு கொடுத்தேன். டீ குடித்தேன். கிளம்பினேன்.

திரும்பும் வழியில் கோடாங்கிபட்டி தாண்டுவதற்குள் போன்.

"தம்பி, நீங்க போனதும் அதுவும் போயிருச்சு."

3. வாசனையின் மேல் வழக்கு

அடுத்த தடவை டிஸ்ப்ளேயையே மாற்றினேன். தேனியில் காலை முதல் சாயங்காலம்வரை ஓடவிட்டேன். ஒரு கண் சிமிட்டல் இல்லை. போடி மேசையில் வைத்த நிமிடம் இருட்டு.

பழுது லேப்டாப்பில் இல்லை, கரண்டில் இருக்கிறது என்றேன். எர்த் சரியில்லை, பிளக் பாயின்ட்டை மாற்றுங்கள் என்றேன். அக்கா எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாற்றினார். இருட்டு அப்படியே இருந்தது.

என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். மூக்கில் ஏலக்காய் வாசனை ஏறியது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, ஏலக்காயில ஒரு எண்ணெய் இருக்குல்ல? அந்த ஆவி போர்டுல போயிப் படியுது. அதான் லைட் வர மாட்டேங்குது."

ஷெட்டில் கை வேலைகள் நின்றன. பாண்டியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏலக்கா வாசத்துல மனுசன் கெறங்குவான். கம்ப்யூட்டருமா சார் கெறங்கும்?"

"கெறங்காது ஆத்தா, கெட்டுப்போகும்."

"நாங்க முப்பது வருசமா இதுக்குள்ளதான கெடக்கோம். எங்களுக்கு லைட் எரியலையா?"

ஷெட் முழுக்கச் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து லேப்டாப்பின் மேல் கோழிக்குஞ்சை மூடுகிறமாதிரி மூடினார். அவர் என்னை நம்பிவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகிவிட்டது.

"தம்பி, வெள்ளிக்கிழம மூணு மணிக்கு டெண்டர் மூடுறாக. அதுக்குள்ள இது ஓடணும்" என்றார்.

டெண்டர் விவகாரத்தை அப்போதுதான் விவரமாகச் சொன்னார். வெளிமாநிலத்தில் ஒரு பெரிய மசாலா கம்பெனி ஒரு வருடத்துக்கான ஏலக்காய் கேட்கிறது. அதுவரை கமிஷன் மண்டி வழியாகவே விற்றுவந்தவர், முதல் தடவையாகத் தன் பெயரில் விலை போடப் போகிறார். ஆன்லைனில் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் உண்டு; அது இந்த லேப்டாப்பில்தான் வேலை செய்கிறது, வேறு எதிலும் எடுக்கவில்லை.

"கெடச்சா வருசம் பூரா இவுகளுக்கு இங்கனயே வேல இருக்கும். இல்லாட்டி சீசன் முடிஞ்சதும் ஜீப்புல ஏறி மல மேல தோட்ட வேலைக்குப் போகணும். விடியுமுன்ன கெளம்பி, இருட்டி வர்றாக."

பொறுக்குகிற பெண்கள் அப்போது சிரிக்கவில்லை.

4. மூன்று மணி

மறுபடி தேனி. பேக்லைட் ஃபியூஸைச் சோதித்தேன். வோல்டேஜ் எல்லாம் சரி. போர்டில் கண்ணுக்குத் தெரிந்த சால்டர் புள்ளியையெல்லாம் சூடுபடுத்தினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை வெயிலோடு போட்டிபோட்டு எரிந்தது திரை.

புத்தியுள்ளவன் ஒரு மானிட்டரையும் கையோடு கொண்டு போயிருப்பான். நான் கொண்டு போகவில்லை. இந்தத் தடவை சரியாகிவிட்டது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு மணி தாண்டிப் போடியில் வைத்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து பெண்கள் அப்போதுதான் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். ஆன் செய்தேன். இருட்டு.

அக்கா என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். லேப்டாப் யாரையும் பார்க்கவில்லை.

வேறு இடத்துக்குத் தூக்கிப் போகவும் வழியில்லை. பேட்டரி முன்பே போய்விட்டது. பவர் வயரும் நெட் வயரும் அந்த மேசைக்குத்தான் எட்டும்.

"டார்ச் அடிக்கிறேன்க்கா. நீங்க டைப் பண்ணுங்க."

மேசைக்குப் பக்கத்தில் குனிந்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். நான் தேடித் தேடி வாசிப்பேன், அக்கா அடிப்பார். டார்ச் கொஞ்சம் நகர்ந்தால் எட்டு மூன்றாகும், மூன்று ஆறாகும். கம்பெனிப் பெயர் ஏறியது. முகவரி ஏறியது. தரம் ஏறியது. கடைசியாகக் கிலோவுக்கு விலை. அக்கா அடித்தார்.

"சரியா இருக்கா, பாருங்க."

கண்ணைத் திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன்.

"சரியா இருக்குக்கா. அமுக்குங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒருதடவ அமுக்குனா மாத்த முடியாது."

"எம் பொறுப்பு. அமுக்குங்க."

அக்கா மவுஸில் விரலை வைத்தார். அந்த நேரத்தில் பாண்டியம்மாள், "சார், செத்த காலத் தள்ளிக்கங்க" என்று என் முழங்காலை ஒதுக்கி, மேசைக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு போனார்.

திரை பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீகளாக்கா! நம்ம கை ராசி!" என்று கத்தினேன்.

அக்கா காதில் அது விழவில்லை. விலைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சைபர் கூடுதலாக இருந்தது.

"இந்த வெலைக்கு ஏலக்காயா? தங்கத்துல காய் செஞ்சுதான் குடுக்கணும். எம் பொறுப்புன்னீகளே!"

அக்கா சைபரை அழித்து, விலையை அமுக்கி ஏற்றினார். இன்னும் கையெழுத்துப் போட வேண்டும். டோக்கனைச் சொருகினார், பாஸ்வேர்டு கேட்டது. அதற்குள் ஒரு முறம் காயை முடித்துவிட்டு பாண்டியம்மாள் வந்து, மறுபடி என் முழங்காலை ஒதுக்கி, மேசைக்கு அடியில் கையை விட்டார்.

டக். இருட்டு.

"ஆத்தா! என்னத்த வச்சீக?"

"காந்தக் கட்டைதான் சார். ஆணியில மாட்டுனா கத்தி, கத்திரிக்கோலு எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சுக்கிருது. இங்கன அடியில ஒட்டி வச்சா எடுக்கவும் தோது, யாரு கால்லயும் இடிக்காது."

"எப்ப இருந்து இங்கன ஒட்டுறீக?"

பாண்டியம்மாள் யோசித்தார். "இந்தப் பொட்டி இருட்டுன வாரத்துல இருந்துதான் இருக்கும்."

மேசைக்கு அடியில் ஊர்ந்தேன். லேப்டாப்புக்கு நேர் கீழே, மெல்லிய இரும்புத் தகட்டில் அது ஒட்டியிருந்தது. பிடுங்கினேன், மேலே வெளிச்சம். ஒட்டினேன், இருட்டு. பிடுங்கினேன், வெளிச்சம். இத்தனை நாள் தேடியது கையில் கிடைத்த ஆனந்தத்தில் இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன்.

மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"வெளையாட்ட நிறுத்திட்டு வெளிய வாங்க தம்பி. மூணு மணி ஆகப் போகுது."

காந்தத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஷெட்டின் வாசலுக்கு ஓடினேன். அங்கிருந்து பார்த்தேன். அக்கா பாஸ்வேர்டு போட்டார், கையெழுத்து ஏறியது, விலையை இன்னொரு தரம் விரல் வைத்து வாசித்தார், அமுக்கினார். பச்சை நிறத்தில் ஏதோ வந்தது. பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து அந்தப் பச்சையை எட்டிப் பார்த்தார்கள். நான் மட்டும் காந்தத்தோடு வாசலிலேயே நின்றேன். கிட்டே வரக்கூடாது என்று பாண்டியம்மாள் கையால் சைகை காட்டிவிட்டார்.

5. தொழில் பாடம்

லேப்டாப் மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். கீழ்ப்பாகத்தில் அதை உணர்கிற சென்சார் இருக்கும். மூடியை மூடினால் காந்தம் சென்சாருக்குப் பக்கத்தில் வரும், உடனே பேக்லைட் அணையும். பாண்டியம்மாளின் காந்தம் கீழே இருந்து அதே வேலையைச் செய்தது. மூடி திறந்திருந்தும் மூடியிருப்பதாக லேப்டாப் நினைத்துக்கொண்டது.

சாதாரணமாக மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிப்போகும். அப்படித் தூங்கியிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆனால் அது தூங்கவில்லை. மூடினாலும் வேலை நிற்கக் கூடாது என்று அக்கா கேட்டதால், அதற்கு முந்தைய மாதம் அந்த செட்டிங்கை மாற்றி வைத்தவர் யார் தெரியுமா? உங்கள் ஊகம் சரி.

ஆகவே தம்பி தங்கைகளே, பேக்லைட் போன லேப்டாப் வந்தால் முதலில் டார்ச் அடியுங்கள். அடுத்தது ஃபியூஸோ கேபிளோ இல்லை, அது இருந்த மேசை. உங்கள் கடையில் எரிந்து அவர்கள் கடையில் அணைந்தால், லேப்டாப்பைத் திறக்காதீர்கள். அவர்கள் கடையைத் திறந்து பாருங்கள். பழைய டிஸ்ப்ளேயை நானே கொண்டுபோய்த் திரும்ப மாட்டினேன், கேபிளுக்கும் கூலிக்கும் வாயைத் திறக்கவில்லை. ஏலக்காயிடம் மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்த டெண்டர் என்னாச்சு? கெடச்சிருந்தா சொல்லுங்க. பில்லு போடுறதுக்கு முன்னால சிஸ்டத்த ஒருக்கா வந்து பாத்துத் தந்துர்றேன்."

பின்னால் ஷெட்டில் சிரிப்பும் முறம் தட்டுகிற சத்தமும் கேட்டன.

"கெடச்சிருச்சு, நீங்க வராம இருந்தாப் போதும்."