ஒற்றை மணிக்குத் திரும்பிப் போனவள்

அவள், என் சிநேகிதி, ஆடி மாதம் இறந்துபோனாள். அதற்கு முன்னால் ஒரு மாதத்துக்கு மேல் தினமும் அவள் வீட்டுச் சந்து முனை வரை போய், உள்ளே போகாமல் திரும்பி வந்தவள் நான். அவளிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அது பொய் என்று சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தான் போனேன். ஒரு மூச்சில் சொல்லிவிடக் கூடியதுதான். அது நடக்கவில்லை.

நாங்கள் சைக்கிள் பழகியபோது எனக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். எங்களோடு இன்னொருவர் இருந்தார், நாற்பதை நெருங்கியவர், அவரைப் பெரியக்கா என்போம். மூன்று பேருக்கும் இளம்பிள்ளை ஊரில் ஒரே தறிப்பட்டறையில் வேலை, நூல் சுற்றிக் கொடுப்பது. ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர்களிலிருந்து காலையில் ஒரே பஸ். அதைத் தவறவிட்டால் நடக்க வேண்டும், நடந்து போனால் பாதி நாள் போச்சு. அந்த வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்களுக்குச் சைக்கிள் சொல்லித்தர ஒரு டீச்சரம்மா வந்தார். நான் போயிருக்கவே மாட்டேன். அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் வாரம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தோம். மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஒருத்தர் கேட்டார்:

“ஏனுங்கம்மிணி, சைக்கிள் உங்கள ஓட்டுதா, நீங்க சைக்கிள ஓட்டுறீங்களா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

“மாத்தி மாத்தி ஓட்டிக்கறமுங்க. உங்கூட்டு அம்மிணியையும் வரச்சொல்லுங்க. அவிங்களும் உங்கள வுட்டுட்டு எங்கியாச்சும் போயிட்டு வரட்டும், பாவம்.”

சுவரில் இருந்த மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் இறங்கிப் போய்விட்டார். அவள் அப்படித்தான். பட்டறை முதலாளியிடம் லீவு கேட்பதாக இருந்தாலும், பேங்கில் பாரம் எழுத வேண்டியிருந்தாலும் எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். நான் பக்கத்தில் நின்றால் போதும்.

என் ஊரும் அவள் ஊரும் ஒரு ஏரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலை ஒட்டின சந்தில் வீடு. சந்து உள்ளே போய் வளையும். முனையில் நின்றால் வீடு தெரியாது. காலையில் நான் அவள் சந்து முனைக்குப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் தெருவில் நின்று ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வராது. தொண்டையிலேயே நின்றுவிடும். இரண்டு நாள் கூப்பிடாமலேயே நின்று வேலைக்கு நேரமாகிவிட்டது. மூன்றாம் நாள் அவள் சொன்னாள்:

“கூப்பிடக் கூச்சமா இருந்தா பெல்லை அடி புள்ள. ரெண்டு அடிச்சா நீ வந்துட்டேன்னு எனக்குத் தெரியும். பதிலுக்கு நானும் ரெண்டு அடிச்சா இதோ வாரேன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் அடிச்சா, எனக்கு இன்னைக்கு ஆவாது, நீ போ.”

“ஏன் ஆவாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அதெல்லாம் பெல்லு சொல்லுமா? நீ போன்னா போ. சாயந்தரம் வந்து சொல்றேன்.”

அன்றையிலிருந்து முப்பத்தைந்து வருஷம் எங்களுக்கு அதுதான். அவள் வீட்டு நடையில் சைக்கிள் நிற்கும். காய்ச்சல், ஊரிலிருந்து ஒரம்பரை வந்திருக்கிறார்கள், புருஷனோடு சண்டை, எதுவாக இருந்தாலும் ஒரே ஒரு மணி. நான் போய்விடுவேன். பேத்திகள் கைபேசி வாங்கிக் கொடுத்த பிறகும் நாங்கள் இதை விடவில்லை.

நல்லது கெட்டது எது நடந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு தூரம் போய்வருவது எங்கள் பழக்கம். அவள் மகள் நர்சு படிப்பு முடித்தபோது சேலம் வரைக்கும் ஓட்டிப் போய், ஜூஸ் குடித்துவிட்டு வந்தோம். எனக்கு அறுபது முடிந்த அன்று திருச்செங்கோட்டு மலையடி வரை போனோம். திரும்பி வரும்போது எதிர்க்காற்று. பெரியக்காவுக்கு மூச்சு வாங்கியது. “அறுபது உனக்கு, சாவு எனக்கா?” என்று ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் தவறிப்போன பதினாறாம் நாள் சாயந்தரம் அவள் வந்து வாசலில் இரண்டு மணி அடித்தாள். என் மாமியார் முறைத்தார். நான் முக்காட்டோடு போய்ச் சைக்கிளில் ஏறினேன். ஏரிக்கரையை ஒரு சுற்று சுற்றினோம். பெரியக்கா சர்க்கரையில் போய்ச் சேர்ந்தபோது, பாடைக்குப் பின்னால் சுடுகாட்டு முக்கு வரைக்கும் இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். பெண்கள் அதற்குமேல் போகக் கூடாது என்றார்கள். நின்றுவிட்டோம்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்த வைகாசியில் அவள் பேத்திக்குக் காலேஜில் இடம் கிடைத்தது. “ஆட்டையாம்பட்டி போய் முறுக்கு வாங்கித் தின்னுட்டு வரலாம் வா” என்றாள். காலை எட்டு மணி இருக்கும். ரோட்டை அகலப்படுத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் முன்னால், நான் பின்னால். அவளுக்கு ஓட்டும்போதும் பேச வேண்டும். தலையைப் பாதி திருப்பிக்கொண்டு பேத்தியின் ஹாஸ்டலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள்.

டீக்கடை வளைவில் லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லி ரோட்டில் பாதிவரை சிதறிக் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன், கத்துவதற்கு நேரமும் இருந்தது. கடை வாசலில் ஐந்தாறு ஆம்பளைகள் டம்ளரோடு நின்றுகொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிழவிகள் சைக்கிளில் போனால் யாரும் பார்ப்பார்கள். ‘ஏ புள்ள, ஜல்லி’ என்று வாய்வரைக்கும் வந்தது. அவர்கள் முன்னால் கத்த எனக்கு வரவில்லை. பெல்லையாவது அடித்திருக்கலாம். கை பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. என் சைக்கிள் நின்றது. அவள் சைக்கிள் போய் ஜல்லியில் ஏறியது.

டம்ளரைப் போட்டுவிட்டு அந்த ஆம்பளைகள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். வலியில் அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“நீ பாக்கலியா புள்ள?”

“இல்ல புள்ள, நான் பாக்கல” என்றேன்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் ஆபரேசன் செய்தார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அவள் மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வராந்தாவில் அவள் மகன் நின்றான், நான் இடுப்பில் தூக்கி வைத்திருந்த பையன்தான். கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்த்தான் சொன்னான்:

“இந்த வயசுல சைக்கிள் கேக்குதுங்களா பெரீம்மா? ரெண்டு பேருக்கும்?”

நான் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஆனி பாதியில் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, “உன்ற சிநேகிதிய ஊட்டுக்குக் கூட்டியாந்து ஒரு வாரமாச்சாமா” என்றாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மேற்கொண்டு விவரம் கேட்டால், ‘நீதானே கூடப் போனே, எப்படி விழுந்துச்சு’ என்று திருப்பிக் கேட்பார்கள். அதனால் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சந்து முனையில் நின்று இரண்டு மணி அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து அவள் சைக்கிள் மணி. அதன் சத்தம் எனக்குத் தெரியாதா? கட்டிலை நடையில் சைக்கிள் பக்கமாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு மணி.

நீ போ.

என்னை உதறிவிட்டாள் என்று நினைத்தேன். படுத்துக் கிடந்து யோசித்திருப்பாள், பின்னால் வந்தவளுக்கு ஜல்லி தெரியாமல் எப்படி இருக்கும் என்று கண்டுபிடித்திருப்பாள். இருந்தாலும் மறுநாள் போனேன். இரண்டு அடித்தேன். ஒன்று வந்தது. அதற்கு மறுநாளும் ஒன்று. சில நாள் உடனே வரும், சில நாள் நான் சைக்கிளைத் திருப்பின பிறகு வரும். அந்தச் சந்தில் இருபது அடி நடந்தால் வளைவு, வளைந்தால் அவள் வாசல். போயிருக்கலாம். போ என்று சொல்லியும் வந்து நிற்கிறாளே என்று அவள் மகன் நினைப்பானே, அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவாளே என்று கால் வரவில்லை. இன்றைக்குக் கோபம், நாளைக்கு ஆறிவிடும், நாளைக்கு இரண்டு மணி வரும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

ஆடி பதினெட்டு அன்று இரண்டு மணி அடித்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தேன். போ என்று சொல்லக்கூட அவளுக்கு மனசில்லை என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் ஆட்டோவில் மைக் கட்டி அவள் சாவைச் சொல்லிக்கொண்டு போனார்கள். அடக்கத்துக்குப் போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றேன். முகம் பார்க்க முன்னால் போகவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு அவள் மகனே ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். அன்றைக்குத்தான் அந்தச் சந்துக்குள் போனேன். அவன் நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரில நாம்பாட்டுக்கு என்னமோ சொல்லிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க பெரீம்மா. அம்மா என்னைய அப்பவே திட்டுச்சு. ‘அவ பாத்திருந்தா கத்தியிருக்க மாட்டாளா? அவளக் குத்தம் சொல்லாதே’ன்னு.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஒரம்பரைகள். காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

முன் அறையில், ஜன்னலை ஒட்டி அவள் கிடந்த இரும்புக் கட்டில் இன்னும் இருந்தது. அதன் இடது பக்கக் கம்பியில் சைக்கிள் மணி முடுக்கியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு மருமகள் சொன்னாள்:

“ஆஸ்பத்திரிலிருந்து வந்த நாலாம் நாளே வாதம் வந்துருச்சுங்கம்மா. வலது பக்கம் சுத்தமா விழுந்துருச்சு, பேச்சும் போயிருச்சு. தண்ணி கிண்ணி வேணும்னா கூப்பிடட்டும்னு இவங்கதான் சைக்கிள்ல இருந்த பெல்லைக் கழட்டி மாட்டிவுட்டாங்க. இடது கையிலயும் தெம்பில்ல. ஒருக்கா அமுக்கறதுக்குள்ள வேர்த்துப் போயிரும் அத்தைக்கு. ரெண்டாவது தடவை முடியாதுங்க.”

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள்:

“காலைல மட்டும் ஒரு கூத்துங்க. தெருமுனையில எந்த சைக்கிளோ மணி அடிக்கும். அது கேட்டாப் போதும், முகமே மாறிரும். அந்தக் கைய இழுத்து இழுத்துக் கொண்டுபோயி அமுக்கிருவாங்க. நான் தண்ணிக்குத்தான்னு ஓடுவேன். வாயில ஊத்துனா துப்பிப்போட்டு வாசலையே பாப்பாங்க. என்னத்தக் கண்டாங்களோ.”

அந்தச் சைக்கிள் நான்தான் என்று அவளிடமும் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாளுக்குப் போனேன். அவள் குடும்பம் மொத்தமும் கல்லறையைச் சுற்றி நின்றது. செவ்வந்தி போட்டிருந்தார்கள். மகன் என் கையில் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்தான். பற்ற வைத்தேன்.

“அம்மாகிட்ட ஏதாச்சும் பேசோணும்னா பேசுங்க பெரீம்மா. நாங்கெல்லாம் பேசிட்டோம்” என்றாள் அவள் மகள்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

“ஒண்ணுமில்ல சாமி” என்றேன்.

மறுநாள் விடிந்ததும் தனியாகப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் ஒருத்தரும் இல்லை. பூ வாடிக் கிடந்தது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஜல்லிய நான் பாத்தேன் புள்ள. பாக்கலைன்னு பொய் சொல்லிப்போட்டேன்.”

முடிந்துவிட்டது. இவ்வளவுதான் அது. இதற்காகத்தான் அத்தனை நாள் அவளை வாசலைப் பார்க்க வைத்தேன். நான் சொன்னது மெதுவாகக்கூட இல்லை, சத்தமாகத்தான் சொன்னேன். ஆள் இல்லாத இடத்தில் எனக்குக் குரல் நன்றாகவே வருகிறது.